சீமெந்துச் சுவரும் தும்பறைப் பாயும்

மினிமலிசம் எனப்படும் எளிமை அழகியல், வீட்டுப் பொருள்களைத் தேவையின் அளவுக்குக் குறைத்து, சுவரையும் தரையையும் அலங்காரமின்றி விட்டு, ஒளிக்கும் வெற்றிடத்துக்கும் முதலிடம் தரும் வடிவமைப்பு முறையாகும். கட்டடக் கலைஞர் அடொல்ஃப் லூஸ் 1910இல் வியன்னாவில் அலங்காரத்தைக் குற்றத்தோடு இணைத்து ஆற்றிய உரையிலும், பின்னர் கட்டடக் கலைஞர் லு கொர்பூசியே வெள்ளையடித்த சுவர்களுக்காக வாதிட்ட எழுத்துகளிலும் வேர்கொண்ட இம்முறை, இன்று கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் எழும் சீமெந்து வீடுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. இத்தகைய வீடுகள் பார்வைக்கு அழகாக இருந்தும் வாழ்வோருக்குக் குளிர்ந்தும் ஒட்டாமலும் தோன்றுவதுண்டு. மனநிலை மாத்திரம் இதற்குக் காரணமன்று. பௌதிகவியலும் அதில் பங்குகொள்கிறது.

மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ் ஆகும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டியில், தை மாதத்து இரவுகளில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கும்போது, அறையிலுள்ள மரக்கதவும் சீமெந்துத் தூணும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், தூணைத் தொட்ட கை சில்லிடுகிறது, கதவைத் தொட்ட கை அவ்வாறு சில்லிடுவதில்லை. தோலிலுள்ள உணர்நரம்புகள் பொருளின் வெப்பநிலையை அளப்பதில்லை. தோல் எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்பதையே அவை அறிகின்றன. அந்த விரைவைத் தீர்மானிப்பது வெப்பக் கவர்திறன் என்னும் இயல்பு. பொருளின் வெப்பங்கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பக் கொள்ளளவு ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும் அளவு அது. கொங்கிரீட்டின் வெப்பக் கவர்திறன் மென்மரத்தினதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்காகும். காற்றை இழைகளுக்கிடையே சிறைப்படுத்தி வைத்திருக்கும் நார்ப்பாயில் அது இன்னும் குறைவு.

ஒலியின் கதையும் இதைப் போன்றதே. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்காதபடி எதிரொலி நீண்டபோது, அதை ஆராயப் பணிக்கப்பட்ட வொலஸ் சபின் என்னும் இளம் பௌதிகவியலாளர், அருகிலிருந்த நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை மீண்டும் மீண்டும் அளந்தார். ஒரு சொல் அந்த வெற்று மண்டபத்தில் அடங்குவதற்கு ஐந்தரைச் செக்கன்கள் சென்றன. அறையின் கனவளவு கூடினால் எதிர்முழக்க நேரமும் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்ற விதி அவருடைய ஆய்விலிருந்தே பிறந்தது. பூச்சிட்ட சுவரும் கண்ணாடியும் பளிங்குத் தரையும் தம்மேல் விழும் ஒலியில் மிகச் சிறு பகுதியையே உறிஞ்சுவதால், பொருள்களைக் குறைத்த வீட்டில் பேச்சு சற்றே முழங்குகிறது. வாழ்வோர் அதை வெறுமை என்று உணர்கின்றனர்.

ஆகவே வெறுமையான வீட்டுக்கு வெம்மை சேர்ப்பதென்பது அலுமாரியில் சிலைகளை அடுக்குவதன்று, கையும் காதும் சந்திக்கும் மேற்பரப்புகளை மாற்றுவதாகும். இதைக் கண்டியிலேயே, எழுபது ஆண்டுகளுக்கும் முன்னர், ஒருவர் செய்துகாட்டியிருக்கிறார். 1918இல் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, பம்பாயிலும் இலண்டனிலும் பயின்று, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்ணானவர். லு கொர்பூசியேயின் நண்பர். நாடு திரும்பிய அவர் பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதியினருக்காகக் கண்டியின் செங்குத்தான சரிவொன்றில் 1949 முதல் 1951 வரை கட்டிய வீடு, இலங்கையில் பெண்ணொருவர் வடிவமைத்த முதல் கட்டடமாகக் கருதப்படுகிறது.

கொங்கிரீட்டும் கண்ணாடிக் கற்களும் திறந்த உள்வெளியும் கொண்ட அவ்வீடு அக்காலத்தின் நவீனக் கட்டடமே. ஆனால் அதன் கதவுப் பலகங்களில், தும்பறைப் பாய் எனப்படும் உள்ளூர் நார்ப்பாயின் நெசவு பதிக்கப்பட்டது. உள்ளூரில் சுட்ட சுடுமண் ஓடுகளில் மரபு உருவங்கள் இடம்பெற்றன. அரக்கு வேலைப்பாடும் சேர்ந்தது. வரவேற்பறையின் சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். அலங்காரம் கட்டடத்தின்மேல் பின்னர் ஒட்டப்படாமல் கட்டடத்தின் உறுப்பாகவே அமைந்ததுதான் இதில் கவனிக்கத்தக்கது. பாயைச் சட்டமிட்டு மாட்டினால் அது கைக்கு எட்டுவதில்லை; கதவில் பதித்தால் ஒவ்வொரு நாளும் கை அதைத் தொடுகிறது. இவ்வணுகுமுறையை அவர் நவீன பிரதேசக் கட்டடக்கலை என அழைத்தார். கண்டியக் கைவினைகளை முறையாகப் பதிவுசெய்து 1908இல் நூலாக்கிய ஆனந்த குமாரசுவாமி, அவை அழிந்துபோகும் என அஞ்சினார். மினெட் அவற்றுக்குச் சீமெந்து வீட்டில் வேலை கொடுத்தார்.

தும்பறைப் பாய் என்பது கண்டிக்குக் கிழக்கிலுள்ள ஹேனாவல போன்ற ஊர்களில் கின்னர சமூகத்தினர் தலைமுறைகளாக நெய்துவரும் பாயாகும். சிங்களத்தில் ஹண எனப்படும், கற்றாழையை ஒத்த தடித்த இலையுடைய செடியின் இலையைக் கட்டைமேல் வைத்துச் சுரண்டி நாரெடுத்து, கழுவி உலர்த்தி, சாயமேற்றி, தறியில் நெய்கின்றனர். சிவப்பு பதிமுக மரத்திலிருந்து வருகிறது; அதன் வைரத்திலுள்ள பிரேசிலின் என்ற நிறமற்ற சேர்வை காற்றுப்பட்டு ஒட்சியேறிச் செந்நிறச் சேர்வையாக மாறுவதே அந்நிறத்தின் இரகசியம். மஞ்சள் நிறத்தை மரமஞ்சள் கொடியிலுள்ள பெர்பெரின் தருகிறது. யானை, மான், பறவை, பாம்பு ஆகியவற்றின் உருவங்கள் குறுக்கிழையும் நெடுக்கிழையும் சந்திக்கும் படிகளாக உருப்பெறுவதால் கோடுகள் தாமாகவே கோணவடிவம் கொள்கின்றன. எளிமை அழகியலோடு அவை முரண்படாதிருப்பதற்கு இதுவே காரணமாகலாம். யுனெஸ்கோ 2021இல் இக்கைவினையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

பொருள் கைவினையாக இருப்பதால் மட்டும் வாழ்வோருக்கு நெருக்கமாகிவிடாது. ஆய்வாளர்களான மிஹாய் சிக்சென்மிஹாயும் யூஜின் ரொச்பெர்க்-ஹால்டனும் சிக்காகோ பகுதியின் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம் வீட்டில் மிகவும் போற்றும் பொருள் எது, ஏன் என்று கேட்டு 1981இல் வெளியிட்ட ஆய்வில், விலையையும் தோற்றத்தையும் விட நினைவுகளும் உறவுகளுமே காரணங்களாக மேலோங்கின. சுற்றுலாக் கடையில் அவசரமாக வாங்கிய பித்தளை யானைக்கு இந்த வகையில் எந்த மதிப்பும் இல்லை. கண்டி வட்டபுலுவவில் 1950களின் பிற்பகுதியில் அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை மேற்கொண்டபோது, மினெட் முதலில் குடியேறவிருந்தோருக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர்கள் வாழும் முறையையும் பண வசதியையும் அறிந்தபின்னரே வெவ்வேறு வகை வீடுகளை வரைந்தார். பொருளின் அர்த்தத்தை வடிவமைப்பாளர் ஊகிக்க முடியாது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார்.

இவ்விடத்தில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழ்ந்த லயன் அறைகளில் பொருள்கள் குறைவாக இருந்தது அழகியல் தெரிவினால் அன்று. இருந்தும் அந்தச் சிறு அறையின் சுவரில் சாமிப்படமும் கலியாணப் படமும் இடம்பிடித்தன. கம்பளை அருகே பழைய பீகொக் தோட்டத்திலுள்ள தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் அந்த வாழ்வின் புழங்குபொருள்களைக் காணலாம். இன்று புதிய தனிவீடுகளுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் அம்மியையும் பித்தளைக் குடத்தையும் வெளியே எறிந்துவிடாமல் பார்வைக்குரிய இடத்தில் வைத்தால், எந்த அலங்காரக் கடையும் தரமுடியாத ஒன்று அவ்வீட்டுக்குக் கிடைக்கும்.

மீண்டும் தும்பறைப் பாய்க்கு வருவோம். அதைச் சுவரிலோ கதவிலோ அமைப்போர் மூன்று செய்திகளை மனத்திற்கொள்வது நல்லது. சுவரோடு ஒட்டிய இடத்தில் காற்றின் அசைவு மிகக் குறைவாக இருப்பதால், பாயைச் சில அங்குலங்கள் தள்ளி அமைத்தால் ஒலி கூடுதலாக உறிஞ்சப்படும். கண்டியின் ஈரக்காற்றில் பூஞ்சணம் படியாமலிருக்கவும் அந்த இடைவெளி உதவும். இயற்கைச் சாயங்கள் வெயிலில் வெளிறும் என்பதால் மேற்கு நோக்கிய சாளரத்துக்கு எதிரே பாயை அமைக்கலாகாது. மூன்றாவது செய்தி நெசவாளரைப் பற்றியது: மரபுரிமைப் பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் அவருக்கு வருமானம் வந்துவிடாது, ஆகவே வீடு கட்டுவோர் கதவுகளின் அளவு முடிவாகும் வேளையிலேயே ஹேனாவலவுக்குச் சென்று, அந்த அளவுக்குப் பாய் நெய்து தரும்படி நேரடியாகக் கேட்க வேண்டும்.