உங்களுக்குத் தெரியுமா? – தோள்பட்டைக் காயங்கள்

● பெரிய மூட்டுகளில் அடிக்கடி நழுவுவது தோள்தான். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது; அது உட்காரும் குழியோ ஆழமற்றது. கரண்டியில் எலுமிச்சம்பழம் நிற்பது போன்ற அமைப்பு. நழுவும் தோள்களில் சுமார் 95 சதவீதம் முன்பக்கமாகவே நழுவுகின்றன.

● நழுவிய தோளை இழுத்து உட்காரவைக்கும் முன், நல்ல மருத்துவர் மேற்கையின் வெளிப்புறத்தை, போலீஸ்காரர் சட்டைக் கையில் பட்டை தைத்திருக்கும் இடத்தை, தொட்டு "தெரியுதா?" என்று கேட்பார். மரத்திருந்தால் ஆக்சிலரி நரம்பு அடிபட்டிருக்கலாம். மணிக்கட்டில் நாடியும் பார்ப்பார். மைதானத்தில் நண்பர்கள் கையைப் பிடித்து இழுக்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பது? கூடவே எலும்பு உடைந்திருந்தால் அந்த இழுப்பே அதை மோசமாக்கிவிடும். தயவுசெய்து இழுக்காதீர்கள்.

● 20 வயதுக்குள் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம். வயதானவர்களுக்குத் தோள் நழுவும்போது தசைநாண் கிழியலாம். அப்படிக் கிழிந்தால் மூட்டு சரியான பிறகும் கை மேலே எழும்பாமல் போகலாம்.

● வலிப்பு வந்தாலோ கரன்ட் ஷாக் அடித்தாலோ தோள் பின்பக்கமாக நழுவலாம். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இது கண்ணுக்குத் தப்பிவிடும். கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் பக்கவாட்டுப் படமும் அவசியம்.

● கருவில் முதலில் எலும்பாக மாறத் தொடங்குவது, தோளை மார்போடு இணைக்கும் காறை எலும்பு. அது முழுதாக இணைந்து முடிய 20 வயது தாண்டிவிடும். சில குழந்தைகளுக்குப் பிரசவத்தின்போதே உடைந்து, சில வாரங்களில் தானாகக் கூடிவிடும்.

● பைக்கிலிருந்து தூக்கி எறியப்படும்போது தலை ஒரு பக்கம், தோள் மறுபக்கம் இழுபடும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் நரம்புகள் அறுவது இப்படித்தான். எலும்பு கூடியும் கை துவண்டே கிடந்தால் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஒன்றரை வருடம் போனால் தசை அதை ஏற்காது. அதனால்தான் 6 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை என்கிறார்கள். முழங்கை மடங்காமல், விரல்கள் வேலை செய்கிறவர்களுக்கு, விரல்களுக்குப் போகும் அல்நார் நரம்பில் ஓரிரு இழையைப் பிரித்து முழங்கையை மடக்கும் மேற்கைத் தசையின் நரம்போடு இணைக்கலாம். பிரெஞ்சு மருத்துவர் ஒபெர்லின் 1994-ல் விவரித்த முறை இது. விரல்களின் பலம் பெரும்பாலும் குறைவதில்லை.