வலப்பக்கம் மறைத்த சார்ட்: மென்டருக்குப் பணம் கட்டுமுன்

அல் ப்ரூக்ஸ் அமெரிக்கர். கண் மருத்துவராக இருந்து முழுநேர வர்த்தகரானவர். இண்டிகேட்டர் எதையும் நம்பாமல் விலையின் நகர்வை மட்டும் பார்த்து வாங்கி விற்பது எப்படி என்று 2009இல் ஒரு புத்தகம் எழுதினார். 2012இல் அதையே மூன்று தடித்த தொகுதிகளாக விரித்தார். ‘பிரைஸ் ஆக்ஷன்’ கற்க வருபவர்களிடம் முதலில் சொல்லப்படும் பெயர்களில் இவருடையதும் ஒன்று. படிக்கச் சிரமமான புத்தகம் என்ற பேரும் அதற்கு உண்டு. ஐந்து நிமிடச் சார்ட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கேண்டிலாக விளக்கிக்கொண்டே போகிறார். முந்தைய பக்கத்தில் வந்த கலைச்சொல் மனத்தில் தங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தவரைத் தேடித்தான் மென்டர் வருகிறார். “புக் புரியலையா? மூணு மாசத்துல நான் சொல்லித் தர்றேன்” என்கிறார். கட்டணம் சில ஆயிரத்தில் தொடங்கி லட்சம் வரை போகிறது. சொல்லிக் கொடுப்பதும் காசு வாங்குவதும் குற்றமில்லை. நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் ஓராண்டு வீண் அலைச்சல் மிச்சமாகும் என்பதும் உண்மை. ஆனால் பணம் கட்டுபவர் எதற்காகக் கட்டுகிறார், அதில் அவருக்கு என்ன உரிமை என்பது பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை.

பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். லட்ச ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 விழுக்காடுதான். 2024-25இல் நட்டமடைந்தவர்கள் 91 விழுக்காடு, நட்டத்தொகை 1,05,603 கோடி. பிரேசிலில் ஃபியூச்சர் டே டிரேடிங்குக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. முந்நூறு நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 விழுக்காட்டினர் பணத்தை இழந்தார்கள். அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிக்கு மேல் சம்பாதித்தவர்கள் 1.1 விழுக்காடு. ‘நாள்பட்டால் கை பழகிவிடும்’ என்ற நம்பிக்கையை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை.

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ப்ரூக்ஸே பெரும்பாலான நேரம் வெற்றி வாய்ப்பு 40க்கும் 60க்கும் இடையில்தான் என்கிறார். பத்து டிரேடில் நான்கு ஜெயிக்கிறது, ஒவ்வொன்றிலும் ஸ்டாப் லாஸ் 1,000 ரூபாய், டார்கெட் 2,000 என்று வைத்துக்கொள்வோம். வரவு 8,000, செலவு 6,000, மிச்சம் 2,000. தரகு, பங்குப் பரிவர்த்தனை வரி (எஸ்டிடி), ஜிஎஸ்டி, முத்திரைத் தீர்வை, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் சேர்ந்து டிரேடுக்கு 200 ரூபாய் போனால் கையில் மிஞ்சுவது பூஜ்யம். முறை சரியாக இருந்தும், ஒழுக்கமாகச் செய்தும், பூஜ்யம். 2023-24இல் தனிநபர் ஒருவர் இந்த வகைச் செலவுக்கே சராசரியாக 26,000 ரூபாய் கொடுத்திருக்கிறார் என்கிறது செபி ஆய்வு. இதே முறையில் நூறு டிரேட் செய்தால் தொடர்ந்து ஐந்து நட்டம் எங்காவது ஒரு முறையேனும் அநேகமாக வந்தே தீரும். அந்த ஐந்தாவது நட்டத்தில்தான் ஸ்டாப் லாஸைத் தூக்கிவிட்டு ‘திரும்பி வரும்’ என்று காத்திருக்கத் தோன்றும். வகுப்பில் இந்தக் கணக்கைச் சொல்லித் தராதவரிடம் வேறு எதைக் கற்றும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது இன்னும் முக்கியம். முடிந்துபோன சார்ட்டில் எல்லாமே தெளிவாகத் தெரியும். இங்கே இரண்டு கால் இறக்கம், இங்கே சிக்னல் கேண்டில், இங்கே என்ட்ரி என்று கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியும், ஏனென்றால் அடுத்து என்ன நடந்தது என்பது பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே மென்டரைச் சோதிக்க ஒரு வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த பழைய நாள் ஒன்றின் சார்ட்டை வலப்பக்கம் மறைத்து, ஒவ்வொரு கேண்டிலாகத் திறந்துகொண்டே போய் வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நுழைவார், எங்கே தவறு என்று ஒத்துக்கொள்வார், எவ்வளவு இழப்பார் என்பதை அடுத்த கேண்டில் திறக்குமுன் எழுதி வைக்க வேண்டும். நல்ல ஆசிரியர் அதில் பலமுறை தவறுவார், தவறிய பிறகு என்ன செய்வதென்று காட்டுவார். பாடமே அதுதான். மறுப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

சட்டமும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. செபி 2025 ஜனவரியில் தந்த விளக்கப்படி, கல்வி மட்டும் கற்பிப்பவர் கடந்த மூன்று மாத விலைத் தரவை வைத்துக்கொண்டு ஒரு பங்கின் பெயரைச் சொல்லி அதன் வருங்கால விலையையோ பரிந்துரையையோ பேசக் கூடாது. பழைய சார்ட்டில் கற்பிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. “இன்னைக்கு 10.15க்கு இந்த ஸ்ட்ரைக் வாங்குங்க” என்று சொல்ல வேண்டுமானால் செபியில் ஆய்வாளராகவோ முதலீட்டு ஆலோசகராகவோ பதிவு செய்திருக்க வேண்டும். ‘லைவ் டிரேடிங் ரூம்’, ‘விஐபி டெலிகிராம் குரூப்’ எதுவானாலும் பெயர் மாறுவதால் சட்டம் மாறாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளருக்கு அது ஐஎன்எச் என்றும், ஆலோசகருக்கு ஐஎன்ஏ என்றும் தொடங்கும். எண்ணை அவர் விளம்பரத்தில் பார்த்து நம்பாமல் செபியின் இணையதளத்தில் அதே பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

பதிவு பெற்றவரிடம் உங்களுக்கு உரிமைகள் உண்டு. நிச்சய லாபம் என்று அவர் வாக்களிக்க முடியாது. நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். ரொக்கமாகக் கட்டணம் வாங்கக் கூடாது, ஓராண்டுக்கு மேல் முன்பணமும் கூடாது. இடையில் நிறுத்தினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பதிவு பெறாதவரிடம் இவற்றில் எதையும் நீங்கள் செபி மூலம் வாங்கிவிட முடியாது. உங்கள் லாகின், கடவுச்சொல், ஓடிபி இவற்றைக் கேட்டு “நானே டிரேட் பண்ணித் தர்றேன், லாபத்துல பாதி” என்பவரை அந்த இடத்திலேயே விலக்குங்கள்.

லாப ஸ்கிரீன்ஷாட் சான்று ஆகாது. மாற்றி வரைவது எளிது. உண்மையாகவே இருந்தாலும் அது ஒரு கணக்கின் ஒரு நாள் மட்டுமே. 2023 அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் வகுப்பு நடத்தியவர் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. கல்வி என்ற போர்வையில் பதிவில்லாமல் பரிந்துரை தந்து வசூலித்ததாக 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. மாணவர்களுக்கு லாபக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் தன் சொந்த டிரேடிங்கில் ஏறக்குறைய 3 கோடி ரூபாய் நட்டத்தில் இருந்தார் என்றும் அந்த உத்தரவு பதிவு செய்தது. ஆகவே மென்டரின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். தன் லிங்க் வழியாகத்தான் டீமேட் கணக்கு தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறாரா? அப்படியானால் நீங்கள் எத்தனை முறை வாங்கி விற்கிறீர்களோ அத்தனை முறை அவருக்கும் தரகில் பங்கு போகக்கூடும். குறைவாக டிரேட் செய் என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஏற்கெனவே பணம் போனவர்களுக்கு: பதிவு பெற்றவர் என்றால் முதலில் அவரிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் ஓராண்டுக்குள் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியுங்கள். 21 நாளுக்குள் புகாருக்கு உள்ளானவர் பதில் தர வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழித் தகராறு தீர்வுத் தளம் வழியாகச் சமரசம், நடுவர் தீர்ப்பு என்று போகலாம். சொன்ன வகுப்பை நடத்தாமலோ பொய் விளம்பரத்தாலோ ஏமாற்றிய பயிற்சி மையம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. போலி ஆப்பில் பணம் போட்டு வெளியே எடுக்க முடியாமல் இருக்கிறீர்கள், எடுப்பதற்கு ‘வரி’ என்று மேலும் கேட்கிறார்கள் என்றால் ஒரு ரூபாயும் அனுப்பாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்றும் உண்டு. ஃபியூச்சர், ஆப்ஷன் நட்டத்தை வருமான வரிக் கணக்கில் கெடுவுக்குள் காட்டினால் எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் சென்று பிந்தைய தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். பங்குகளில் செய்யும் இன்ட்ராடே நட்டத்துக்கு நான்கு ஆண்டு, அதுவும் ஊக வணிக லாபத்தில் மட்டும்.

வெட்கத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். பணம் கட்டிய ரசீது, வங்கிப் பரிமாற்ற எண், வாட்ஸ்ஆப் உரையாடல், வகுப்பு விளம்பரம், குரூப்பில் வந்த ‘கால்’ எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.