பென்சில் குறிப்பும் விமானத்தின் வாலும்

ராசிபுரத்தில் நண்பர் ஒருவருடைய வீட்டுத் தாழ்வாரத்தில், ஓரம் செல்லரித்த புகைப்படம் ஒன்று தொங்குகிறது. யுத்த காலத்தில் கோயமுத்தூரையடுத்த பீளமேட்டில் மெக்கானிக்காக இருந்த அவருடைய பெரியப்பா, வேறு மூன்று இளைஞர்களோடு ஓர் ஆகாய விமானத்தின் அருகே நிற்கிறார். பின்புறத்தில் யாரோ பென்சிலால் 'ஜப்பான் விமானம், 1942' என்று எழுதியிருக்கிறார்கள்.

இத்தகைய குறிப்பை அலட்சியம் செய்வதும் தவறு, அப்படியே நம்புவதும் தவறு. விமானத்தின் அங்க லட்சணங்களே பிரதான சாட்சி. படத்தில் அதன் விலாப்புறத்தில் ஒரு கரிய வளையமும், நடுவே வெளிறிய புள்ளியும் தெரிகின்றன. ஜப்பானியரின் செஞ்சூரியச் சின்னமாக இருந்தால், சிவப்பைக் கறுப்பாகவே காட்டும் அக்காலத்துப் பிலிமில் நடுவட்டமே கருத்து விழுந்திருக்கும். அந்தச் சூரியனோடு குழப்பம் நேரக்கூடாதென்றுதான் பிரிட்டிஷார் கீழ்த்திசைப் போர்முனையில் 1942 முதல் தங்கள் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை அகற்றி, பின்னர் அவ்விடத்தில் இளநீலம் பூசினார்கள். ஆகவே இது பிரிட்டிஷ் விமானம்.

வருஷத்தைச் சொல்வது வால். பின்புறத்துச் சிறு இறக்கை, சாதாரண விமானங்களில் இருப்பதுபோல் உடலை ஒட்டியிராமல், நிமிர்ந்த வாலின்மேல் உயர ஏறி, சாய்ந்த முட்டுக்கால்களின் தாங்குதலில் நிற்கிறது. பெரிய இறக்கையோ விமானியின் தோள் மட்டத்திலிருந்து புறப்படுகிறது. சக்கரக் கால்கள் முழங்கால் மடங்கியவைபோல் வளைந்திருக்கின்றன. அழகில் சேராத இந்த விசித்திர ரூபம், மூவர் ஏறிச் செல்லும் ஃபேரி பாரகூடா என்னும் கடற்படை விமானத்துக்கே உரியது. அது படைகளில் சேவைக்கு வந்ததே 1943-இல். திருகோணமலையைத் தளமாகக் கொண்ட கப்பல்களோடு இத்திசைக்கு வந்தது 1944-இல். கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கு அது எப்படி வந்தது என்றால், பீளமேட்டில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்று 'கருடா' என்ற பெயரோடும், சூலூரில் மற்றொரு கடற்படை விமானத் தளம் 'வைரி' என்ற பெயரோடும் அக்காலத்தில் நடந்துவந்தன. இரண்டும் பறவைப் பெயர்கள்.

பென்சில் பிடித்த கையை நான் குறை சொல்லமாட்டேன். 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட, சென்னை நகரமே காலியாகி ஜனங்கள் குடும்பம் குடும்பமாக உள்நாட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு விமானம் என்றால் ஜப்பான், யுத்தம் என்றால் 1942. அந்தப் பயமும் சரித்திரம்தான் என்பதால், பழைய வரியை அழிக்கவேண்டாம் என்று நண்பரைக் கேட்டுக்கொண்டு, அதன் கீழேயே பென்சிலால் எழுதிவைத்தேன்: 'பாரகூடா, பீளமேடு, 1944-க்கு முந்தியதன்று.'