கார்செட்டும் நம்ம ஜாக்கெட்டும்



போன வருடம் எங்கள் தையல் குழு, கண்காட்சியில் விற்பதற்காக 60 ரெடிமேட் ஜாக்கெட் தைத்தது. பாதிக்கு மேல் மூட்டையாகத் திரும்பி வந்தது. துணியில் குறை இல்லை, தையலிலும் குறை இல்லை. போட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "மார்புல சரியா இருக்குக்கா, கம்புக்கூட்ல பிடிக்குது." சரி, கொஞ்சம் பிரித்து விட்டுத் தரலாம் என்றால் உள்ளே துணியே இல்லை. அரை அங்குலம் மட்டும் விட்டு ஓவர்லாக் போட்டு முடித்திருந்தோம். குழுக் கடனில் வாங்கிய துணி. ஜாக்கெட் விற்கவில்லை என்று வட்டி நிற்குமா?

இதே தலைவலியை 150 வருடங்களுக்கு முன்பே பட்டவர்கள் கார்செட் தைத்தவர்கள். கார்செட் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் கவுனுக்கு உள்ளே போட்ட கெட்டியான உள்ளாடை. மார்பிலிருந்து இடுப்பு வரை உடம்பைப் பிடித்து நிறுத்தும். துணிக்குள் வரிசையாகக் குழாய் மாதிரி தைத்து, அதில் திமிங்கலத்தின் வாயில் இருக்கும் வளையும் தகட்டைச் சொருகுவார்கள். முதுகில் கயிறு கோத்து இறுக்குவார்கள். ஒரு ஆள் பின்னால் நின்று கட்டிவிட வேண்டும். வேலைக்காரி வைத்துக்கொள்ள முடியாத வீட்டுப் பெண் என்ன செய்வாள்?

அதற்கு வழி 1829இல் பிரான்சில் வந்தது. முன்பக்கம் நடுவில் இருந்த ஒற்றைப் பட்டையை இரண்டாகப் பிரித்து, மாட்டிக் கழற்றும்படி செய்தார் ஜோஸ்லின் என்பவர். முதுகுக் கயிறைத் தளர்த்திவிட்டு முன்பக்கம் தானே மாட்டிக்கொள்ளலாம், தானே கழற்றலாம். அது எல்லோர் கைக்கும் வந்து சேரப் பல வருடம் ஆனது. அதே காலத்தில் கயிறு போகும் ஓட்டைக்கு உலோக வளையமும் வந்தது. அதற்கு முன்னால் கையால் காஜா எடுத்த ஓட்டைதான், இழுத்துக் கட்டினால் கிழிந்துவிடும்.

இனி வெட்டும் விதத்துக்கு வருவோம். நமக்கு வேண்டியது அதுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துணியை நேராக வெட்டி, மார்பிலும் இடுப்புக்குக் கீழேயும் கீறிவிட்டு, அந்தக் கீறலில் முக்கோணத் துண்டு வைத்துத் தைத்தார்கள். சல்வாருக்குத் துண்டு வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், முக்கோணத்தின் முனை எவ்வளவு தொல்லை என்று. சுருங்கும், இல்லை என்றால் அங்கேயே கிழியும். ஒவ்வொன்றும் நின்று நிதானமாகத் தைக்க வேண்டிய வேலை.

1840களின் கடைசியில் முக்கோணத் துண்டே இல்லாத கார்செட் வந்தது. உடம்பை மேலிருந்து கீழாகப் பல பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தியையும் இடுப்பில் குறுகலாக வெட்டி, நீளத் தையல் போட்டு இணைத்தார்கள். வடிவம் முழுக்க அந்தத் தையலுக்குள்ளேயே வந்துவிட்டது. பிறகு தையல் மிஷின் பரவியதும் இதற்குத்தான் யோகம். நீளத் தையல் மிஷினில் ஓடிவிடும், முக்கோண முனை ஓடாது. பத்தி கூடினால் உடம்போடு நன்றாகப் பொருந்தும், ஆனால் வேலையும் கூடும். எத்தனை பத்தி போதும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

அப்படியும் ஆயிரம் பெண்களுக்கு ஆயிரம் உடம்பு. அதற்கு அவர்கள் வைத்திருந்த வழி முதுகுக் கயிறுதான். கடையில் இடுப்பு அளவைச் சொல்லி விற்பார்கள். ஆனால் அது கயிறு முழுக்க மூடிய நிலையில் உள்ள அளவு. பலரும் முதுகில் இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டே கட்டினார்கள். "அந்தக் காலத்துல எல்லாருக்கும் இடுப்பு 18 அங்குலமாம்" என்ற பேச்சு பாதி இதிலிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். ரொம்ப இறுக்கிக் கட்டி அவதிப்பட்டவர்களும் உண்டு, டாக்டர்கள் கண்டித்தார்கள். அமெரிக்காவில் வார்னர் சகோதரர்கள் இருவருமே டாக்டர்கள். 1874இல் கார்செட் கம்பெனி தொடங்கியவர்கள், விலை ஏறிப்போன திமிங்கலத் தகட்டுக்குப் பதிலாக மெக்சிகோவின் கற்றாழை இனச் செடி நாரைக் கட்டி உள்ளே வைத்தார்கள்.

அந்தக் கம்பெனிதான் பின்னாளில் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண்ணின் வடிவமைப்பை 1,500 டாலருக்கு வாங்கியது. கார்செட் விருந்து உடைக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறது என்று எரிச்சல்பட்டு, இரண்டு பட்டுக் கைக்குட்டையும் ரிப்பனும் வைத்து அவர் தைத்துக்கொண்டது அது. 1914இல் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று போடும் பிராவின் முன்னோடிகளில் ஒன்று. தைக்கவும் சுலபம், போடவும் சுலபம். போட்டு அவதிப்பட்டவளே கண்டுபிடித்தாள், பாருங்கள்.

நம் ஜாக்கெட்டுக்கு வருகிறேன். அடுத்த முறை நாலு டாட்டை விட்டுவிட்டு பிரின்சஸ் கட் வெட்டினோம். கார்செட் பத்தி மாதிரிதான், டாட்டுக்குப் பதில் மேலிருந்து கீழே ஒரு வளைந்த தையல். டாட் ஒவ்வொன்றுக்கும் குறி வைக்கும் வேலை மிச்சம். வளைவில் மட்டும் சின்னச் சின்ன வெட்டு கொடுக்கணும், இல்லாவிட்டால் மார்பில் சுருக்கம் நிற்கும்.

அளவைக் கூட்டிக் குறைக்கும் இடத்தைப் பக்கவாட்டில் வைத்தோம். முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் பக்கத்தில் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். கையின் அடிப்பக்கத்திலும் அதே ஒன்றரை அங்குலம் விடணும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். தோள்பட்டையை இணைத்ததும், பக்கத்தைத் தைப்பதற்கு முன்பே, கையை விரித்தபடி வைத்துத் தைத்துவிடுங்கள். கடைசியில் கை ஓரத்திலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். கையை உருட்டி உருட்டிச் சொருகும் நேரம் மிச்சம். அந்த ஒரு தையலைப் பிரித்தால் கை, கம்புக்கூடு, மார்பு மூன்றும் சேர்ந்து தளரும். வாங்கியவரே வீட்டில் பிரித்துக்கொள்ள, உள்ளே அரை அங்குலம் தள்ளி இன்னொரு தையலும் ஓட்டிவிடுங்கள். வெளித் தையலை மட்டும் வைத்துக்கொண்டு உள்தையலைப் பிரித்தால் போதும், சுற்றளவு 2 அங்குலம் கூடிவிடும். 34க்கும் 36க்கும் நடுவில் உள்ளவர்கள் இனி கையை விரித்துக்கொண்டு போக வேண்டாம். கணக்குப்படி 4 அங்குலம் வரைகூட விடலாம், ஆனால் 2க்கு மேல் போனால் கம்புக்கூடு தொங்கிப்போகும். அவருக்கு அடுத்த அளவைக் கொடுப்பதுதான் மரியாதை.

துணி கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கும். ஒரு மீட்டர் பீஸில் தாராளமாக வரும், 80 சென்டிமீட்டரில் பெரிய அளவுக்கு இழுபறிதான். அதற்குக் கையைக் குட்டையாக வைத்துச் சமாளிக்கிறோம்.

36 அளவுக்கு அட்டையில் வெட்டிய மாதிரியைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். பார்க்க வருபவர்கள் உங்களுக்குச் சரியாக இருக்கும் அளவு ஜாக்கெட் ஒன்றையும் கையோடு எடுத்து வாருங்கள், ஒட்டி வைத்துப் பார்க்கலாம்.