பெற்றோருடன் கருத்து வேறுபாடு: 18 வயதுக்குப் பிறகு எது யாருடைய முடிவு?

தீபாவளி, பொங்கல் என்று குடும்பம் ஒன்றுகூடும் நாள்களில்தான் பல வீடுகளில் இந்தச் சண்டை வெடிக்கிறது. யாருக்கு ஓட்டுப் போடுவது, முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பது சரியா, கடவுள் உண்டா இல்லையா என்று பேச்சு தொடங்கும். “உன்னைப் படிக்க வைத்ததே தப்பு” என்ற சொல்லில் வந்து நிற்கும். பண்டிகை முடிந்த பின்னும் அப்பாவும் மகனும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாத வீடுகள் உண்டு.

இதில் சட்டம் என்ன சொல்கிறது, வேறுபாடு எங்கிருந்து வருகிறது, உறவு முறியாமல் எப்படிப் பேசலாம் என்று பார்ப்போம்.

சட்டம் வகுத்த எல்லை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. ஆனால், 12(4)ஆவது பிரிவின்படி, 18 வயது நிறையாதவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே முடிவு செய்வார்கள்.

வாக்குரிமையும் இப்போது அதே வயதில் வருகிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. வாக்காளர் பதிவும் தானியங்கி முறைக்கு மாறியது. 2018 பொதுத் தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2022 நவம்பர் 19இல் நடந்த தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. கல்லூரிக் கட்டணத்தை அப்பா கட்டும் நிலையிலேயே, பிள்ளைக்குத் தனி வாக்கு வந்துவிட்டது.

வாக்கு இரகசியமானது. “யாருக்குப் போட்டாய்?” என்று கேட்பதை யாரும் தடுக்க முடியாது, பதில் சொல்ல வேண்டிய கடமை பிள்ளைக்கு இல்லை. பிள்ளையும் இதே மரியாதையைப் பெற்றோருக்குத் தர வேண்டும்.

அனுபவம் வேறு, அரசியலும் வேறு

தோட்டத்து லயத்தில் பிறந்த தாத்தா தலைமுறைக்கு, அரசியல் என்பது கைக்கு எட்டிய உதவி. அடையாள அட்டைக்கு மனுப் போட, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கோயிலுக்கு மானியம் கேட்க, ம.இ.கா. கிளைத் தலைவரின் வீட்டுக் கதவைத்தான் பலர் தட்டினார்கள். 1969 மே 13 கலவரத்தை அறிந்தவர்களுக்கு, நிலைமை மாறாமல் இருப்பதே பாதுகாப்பு. அந்த விசுவாசத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த தலைமுறையைத் தோட்டத் துண்டாடல் நகரத்துக்குத் தள்ளியது. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நடந்த ஹிண்ட்ராப் பேரணியையும், அடுத்த ஆண்டு மார்ச் 8ஆம் நாள் தேர்தலையும் அவர்கள் மறக்கவில்லை. ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்த தேர்தல் அது. தங்கள் அப்பா காலமெல்லாம் ஆதரித்த கட்சிக்கு எதிராக அன்று முதன்முறையாக ஓட்டுப் போட்டவர்கள் பலர்.

அன்று 30 வயதில் இருந்தவர்கள் இன்று பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?” என்று கேட்கும்போது, 2008இல் தங்கள் அப்பா கேட்டதும் அதே கேள்விதான் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

சமயத்தில் பிள்ளைதான் புரட்சிக்காரரா?

எப்போதும் அப்படி இல்லை. 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்ற காலத்தில் சுயமரியாதைக் கருத்துகள் இங்கே வேரூன்றின. அலகு குத்துவது, தீமிதிப்பது வேண்டுமா, புரோகிதர் இல்லாமல் திருமணம் நடத்தலாமா என்ற விவாதங்கள் அன்றே வீட்டுக்குள் நுழைந்துவிட்டன. ஆகவே, நாத்திகம் பேசும் தாத்தாவும், விரதம் இருந்து பத்துமலைக்குக் காவடி எடுக்கும் பேரனும் ஒரே வீட்டில் இருப்பது புதுமையல்ல.

இன்னொரு வகையும் உண்டு. சமய வகுப்பில் சைவ சித்தாந்தம் படித்த மகள், “கிடா வெட்டுவது பாவம்” என்கிறாள். மூன்று தலைமுறையாகக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் படைத்த அப்பாவின் காதில், “உன் பாட்டன் செய்ததெல்லாம் தப்பு” என்று அது விழுகிறது. அவள் பேசியது தத்துவம், அவருக்குப் பட்டது அவமானம்.

சண்டை எதைப் பற்றியது?

பெரும்பாலான சண்டைகளில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கும். முதலாவது நம்பிக்கை: மனத்தில் இருப்பது, கட்டாயப்படுத்தி மாற்ற முடியாது. இரண்டாவது நடைமுறை: விரதம், திதி, கொள்ளி வைப்பது போன்றவை, இவற்றைப் பேசி முடிவு செய்யலாம். மூன்றாவது மரியாதை: சொல்லும் விதம், சொல்லும் இடம்.

இவற்றைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். கடவுள் நம்பிக்கை இல்லாத மகன், அம்மாவின் மனநிறைவுக்காகத் தாத்தாவின் திதியில் கலந்துகொள்ளலாம், அது பொய்யாகிவிடாது. “இலை போடவும் சமைக்கவும் உதவுகிறேன், மந்திரம் மட்டும் சொல்ல மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் நேர்மை. பெற்றோரும், “வந்து நின்றால் போதும், உன் நம்பிக்கையைக் கேட்க மாட்டோம்” என்று சொல்லலாம்.

பேசும் இடமும் முக்கியம். உறவினர் முன்னிலையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் தொடங்கும் விவாதத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். காரில் போகும்போதோ, சமையலறையில் இருவர் மட்டும் இருக்கும்போதோ கேளுங்கள். “ஏன் இப்படி நம்புகிறீர்கள்?” என்பதைவிட, “நான் இப்படி இருந்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். மகளுக்கு வரன் அமையாது, சொந்தக்காரர்கள் பேசுவார்கள், செத்தால் கொள்ளி வைக்க ஆள் இருக்காது என்ற பயங்கள் அப்போதுதான் வெளிவரும். பயத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

மறைக்கக் கூடாத ஒன்று

மதம் மாறும் முடிவைக் குடும்பத்திடம் மறைப்பது பெரும் சிக்கலில் முடியலாம். குறிப்பாக, மலேசியாவில் இஸ்லாத்தைத் தழுவுபவரின் திருமணம், சொத்துப் பகிர்வு, இறுதிச் சடங்கு ஆகியவை இஸ்லாமியச் சட்டத்தின் கீழ் வரும். ஒருவர் இறந்த பிறகு, அவர் எந்த மதத்தவர் என்று குடும்பம் நீதிமன்றம் வரை போன வழக்குகள் இந்நாட்டில் உண்டு. முடிவு உங்களுடையதுதான். ஆனால், அதன் விளைவு வீட்டில் மற்றவர்களையும் தொடும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. “இந்த வீட்டை விட்டுப் போ” என்று கோபத்தில் சொன்னதைப் பிள்ளை பல வருடம் மறக்காது. அந்தப் பிள்ளை பிறகு எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உடம்பு முடியாமல் நீங்கள் படுத்திருக்கும்போது வருகிறதா என்பது தெரியும். வாதத்தில் வெல்வதா, பிள்ளை வந்து போகும் வீடாக வைத்திருப்பதா என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள்.