ஹைடியும் கடதாசிக் கூத்தும்: நேயர் கருத்துகளுக்கு ஒரு பதில்



சென்ற மாதம் எமது வானொலியில் யப்பானியரின் சிறுவர் படக்கதைகள் பற்றி நான் ஆற்றிய உரைக்கு வழமையைவிடக் கூடுதலான கருத்துகள் வந்திருந்தன. தொலைபேசியில் சொன்னவர்களும் உண்டு. தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கும்போது மறித்துச் சொன்னவர்களும் உண்டு. எல்லோருக்கும் நன்றி. வந்தவற்றுள் மூன்று கருத்துகளுக்கு இந்த மடலில் பதில் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது கருத்து பேர்ணில் இருந்து ஒரு தகப்பனாருடையது. "யப்பான் கார்ட்டூன் எண்டாலே அடிபிடியும் அலறலும்தான். பிள்ளையள் ராவு பகலாய் அதைத்தான் பாக்குதுகள். நீங்களும் அதுக்கு விளம்பரம் செய்யிறியளோ?" என்று கேட்டார்.

அவருடைய கவலை நியாயமானது. ஆனால் நாம் வாழும் இந்த நாட்டின் புகழ்பெற்ற சிறுமியான ஹைடியை உலகின் பல வீடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் யப்பானியரே என்பதையும் அவர் அறிய வேண்டும். யொஹன்னா ஸ்பீரி என்ற எழுத்தாளர் 1880 இலும் 1881 இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட கதை அது. 1920 இலேயே அது யப்பானிய மொழிக்குப் போய்விட்டது. 1974 இல் இசாவோ தகஹாதா என்ற இயக்குநர் அதை 52 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஹயாவோ மியசாகி அத்தொடரின் காட்சி அமைப்புகளை வரைந்தார்.

இதில் நான் மதிக்கும் விடயம் ஒன்று உண்டு. அவர்கள் டோக்கியோவில் இருந்தபடி மலையைக் கற்பனையில் வரையவில்லை. 1973 இல் சுவிசுக்கு வந்து, மையன்பெல்ட் பக்கத்து மலைகளையும் வீடுகளையும் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். வைக்கோல் படுக்கையும் நெருப்பில் உருகும் சீஸும் ஆடுகளும் அந்தத் தொடரில் அவ்வளவு உயிரோடு இருப்பது அதனால்தான். 2019 இல் சூரிச்சிலுள்ள தேசிய அருங்காட்சியகம் "யப்பானில் ஹைடி" என்று ஒரு கண்காட்சியே நடத்தியது. அடுத்தவர் பண்பாட்டைக் கற்பது என்றால் அவர்களைப்போல் போய்ப் பார்த்து, பொறுமையாகக் கற்பதுதான். எல்லா யப்பானியப் படங்களும் நல்லவை என்று நான் சொல்லவில்லை. பிள்ளையோடு பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாவது கருத்து லுட்சேர்ணில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருடையது. "எங்களுக்கு அம்புலிமாமா இருந்ததே. வேதாளம் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்கு யப்பான் எதற்கு?" என்றார்.

ஐயா, நானும் அம்புலிமாமா வாசித்து வளர்ந்தவள்தான். 1947 இல் சென்னையில் தொடங்கிய அந்த இதழுக்காக யாழ்ப்பாணத்துக் கடை வாசலில் காத்து நின்றவள். ஆனால் அந்த இதழ் நின்றுபோய்விட்டது. பழைய இதழைக் கையில் கொடுத்தாலும் இங்கு பிறந்த பல பிள்ளைகளுக்கு அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கதை ஆறிவிடுகிறது. ஆகவே நான் யப்பானிடம் கதையைக் கேட்கவில்லை. கதை சொல்லும் ஒரு முறையைத்தான் கேட்கின்றேன்.

அதன் பெயர் கமிஷிபாய். கமி என்றால் கடதாசி, ஷிபாய் என்றால் நாடகம். எங்கள் வழக்கில் கடதாசிக் கூத்து என்று சொல்லலாம். 1930 அளவில், உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த பலர் டோக்கியோவில் இதைப் பிழைப்பாக எடுத்தார்கள். சைக்கிளின் பின்னால் ஒரு சிறிய மரச் சட்டகம். தெருமுனையில் நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் பிள்ளைகள் ஓடிவருவார்கள். எங்கள் ஊரில் ஐஸ்பழக்காரனின் மணிக்கு நாங்கள் ஓடியதுபோலத்தான். முதலில் இனிப்பு விற்பனை, பிறகு கதை. முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, மிச்சம் நாளைக்கு என்று போய்விடுவார்கள்.

இந்தக் கலைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. போர்க்காலத்தில் யப்பானிய அரசு இதையே பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது. போரை அனுபவித்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டகம் எந்தக் கதையையும் தாங்கும். எதை வைப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. 1953 இல் யப்பானில் தொலைக்காட்சி வந்ததும் தெருக் கதைகாரர்கள் மெல்ல மறைந்தார்கள். ஆனால் பாலர் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் அது தொடர்ந்தது. இன்று சுவிஸ் கிண்டர்கார்டன்களிலும் நூலகங்களிலும் அந்த மரச் சட்டகத்தை நீங்கள் காணலாம்.

மூன்றாவது கருத்துத்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. சூரிச்சில் இருந்து ஓர் இளம் தாய் எழுதியிருந்தார். "நானே இங்கு பிறந்தவள். தமிழ் கதைப்பேன், வாசிக்கக் கஷ்டம். என்ரை பிள்ளைக்கு நான் எப்படிக் கதை சொல்லுறது?"

மகளே, உங்கள் தலைமுறையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் 1986 இல் இங்கு வந்தேன். என் மகளின் ஆசிரியை ஒருவர், வீட்டிலும் ஜேர்மன் பேசினால்தான் பிள்ளை முன்னேறும் என்றார். நானும் பயத்தில் தலையாட்டினேன். பிறகு ஊரில் இருந்து என் அம்மா வந்து சேர்ந்தபோது, பேத்தி ஜேர்மனில் கேட்க, அம்மம்மா தமிழில் சொல்ல, நான் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். நான் வேலைக்குப் போன நேரங்களில் இருவரும் தொலைக்காட்சி பார்த்தார்கள். அம்மா போய்ச் சேரும்வரை அப்படித்தான்.

கமிஷிபாயின் இரகசியம் மட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரிவது படம் மட்டுமே. எழுத்து பின்னால், சொல்பவரின் கண்ணுக்கு நேரே இருக்கும். முதல் படத்தின் கதை கடைசி மட்டையின் பின்னால் எழுதப்பட்டிருக்கும். முதல் மட்டையை உருவிப் பின்னுக்கு வைத்தால், இரண்டாம் படத்தின் கதை உங்கள் முன் வந்துவிடும். அந்த எழுத்து எந்த மொழியிலும் இருக்கலாம். தமிழ் எழுத்துக் கஷ்டமென்றால், தமிழ்ச் சொற்களை ஜேர்மன் எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அம்மம்மாவுக்கு எழுத்தே வேண்டாம், படம் போதும்.

சென்ற வருடம் பேத்தியோடு "பாட்டி வடை சுட்ட கதை"யைச் செய்தேன். ஏ3 அளவில் எட்டு மட்டைகள், பழைய காட்போட் பெட்டியில் வெட்டிய ஒரு சட்டகம், அவ்வளவுதான். பேத்தி வடைக்கு நடுவில் ஓட்டை வைத்து, மேலே வண்ண வண்ணச் சீனிப் பொட்டுகளும் போட்டாள். "இது டோனட் அல்லோ பிள்ளை" என்றேன். "அப்ப வடை எப்பிடி இருக்கும், அம்மம்மா?" என்று தமிழில் கேட்டாள். அன்று பின்னேரமே உழுந்து ஊறப்போட்டோம். உழுந்து, உரல், தாச்சி, எண்ணெய் என்று ஒரு கதைக்குள் எத்தனை சொற்கள்! நரி காகத்தை ஏமாற்றும் கட்டத்தில் இப்போது அவளே சொல்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் தனியே தொடங்கத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். சுவிஸ் சிறுவர் இளையோர் ஊடக நிறுவனம் "எனக்கொரு கதை பரிசளி" என்ற பொருளுடைய திட்டத்தை 2006 இல் தொடங்கியது. சிறு பிள்ளைகளோடு பெற்றோரும் வந்திருந்து, தங்கள் தாய்மொழியில் கதை கேட்கும் நிகழ்வுகள் அவை. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. உங்கள் ஊர் நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். மரச் சட்டகத்தை இரவல் தரும் நூலகங்களும் உண்டு.

முடிக்குமுன் மீண்டும் ஹைடி. மலையில் இருந்து பிராங்பேர்ட் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தப் பிள்ளை, ஊர் நினைவில் நோயாகி நித்திரையில் எழுந்து நடக்கிறாள். வாசிப்பு அவளுக்கு ஏறவே இல்லை. கிளாராவின் பாட்டி ஒரு படப் புத்தகத்தைக் காட்டுகிறார். அதில் பச்சைப் புல்வெளியும் இடையனும் ஆடுகளும். பார்த்ததும் பிள்ளை விம்மி அழுகிறாள். அந்தப் படத்தின் கதையை அறியும் ஆசையில்தான் வாசிக்கப் பழகுகிறாள். பின்னர் மலைக்குத் திரும்பி, பார்வையற்ற இன்னொரு பாட்டிக்கு அருகில் இருந்து வாசித்துக் காட்டுகிறாள்.

அந்தப் புத்தகம் உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்த புதன்கிழமை பின்னேரம் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லாத நேரத்தில் ஒரு மட்டையையும் நிறப் பென்சில்களையும் மேசையில் வையுங்கள். அம்மம்மாவையும் கூப்பிடுங்கள். என்ன கதை செய்தீர்கள் என்று எமக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.