எரிமலைப் புகையில் விளையும் கனிமம்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தூவும் வெள்ளைத் தூள் நவச்சாரம். இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையில், புகை கக்கும் வெடிப்புகளின் ஓரத்தில் இது தானாகவே படிகமாகிறது. சூடான வாயு குளிர்ந்து, திரவமாகாமல் நேரே திடமாகிறது. என்ன அருமையான வேதியியல்!

கனிமம் சேகரிப்போர் இதை அடையாளம் காண்பது எப்படி? தண்ணீரில் எளிதில் கரையும். ஈரச் சுண்ணாம்போடு துளி சேர்த்தால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். அருகிலேயே படியும் மஞ்சள் கந்தகம் நீரில் கரையாது. ஆனால் உள்ளங்கைச் சூட்டுக்கே அதன் படிகம் விரிசல் விடும், வெறுங்கையால் எடுக்காதீர்கள்.

கந்தகம் படியும் வெடிப்புகள் நம் அந்தமானின் பாரன் தீவிலும் உண்டு. 1991-இல் மறுபடி வெடித்த எரிமலை அது. நவச்சாரம் போன்ற எரிமலைப் புகைக் கனிமங்கள் பலவும் மழையில் கரைந்துபோகும். கிடைத்தவற்றைக் காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள்.